நனைந்த கோடி

பாலை, முதிரை மரங்கள் செறிந்த ஜெயபுரத்துக் காட்டோரம், போருக்கு அஞ்சிக் கிளிநொச்சி நகரை விட்டு ஓடிவந்தோர் கிடுகாலும் நீலத் தறப்பாளாலும் வேய்ந்த குடில்கள், அலை ஒதுக்கிய சிப்பிகள் போல் சிதறிக் கிடக்க, அவற்றின்மேல் மாலைப்பொழுது சாம்பல் தூவினாற்போல் ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று அங்கே ஒரு போதகர் வந்திருந்தார். கடல்கடந்து வந்த மறைபரப்பாளர் முன்னாளில் மாட்டுவண்டியில் ஏற்றி ஊரூராய்த் திரிந்த படவிளக்கொன்றை அவர் மிதிவண்டியிற் கட்டிக் கொணர்ந்திருந்தார். மண்ணெண்ணெய்ச் சுடரின் முன் ஓவியம் தீட்டிய கண்ணாடித் தகட்டைச் செருகினால், எதிரே தொங்கும் வெள்ளைத் துணியில் ஏசுபிரான் ஆளுயரத்துக்கு எழுவார். துணியை நனைத்துக் கட்டினால் இருபுறத்தாரும் காணலாம் என்பது அப்பழையோர் கண்ட வழி. துணிதான் கிடைக்கவில்லை.

வெள்ளைத் துணி ஒரு குடிலில் மட்டும் இருந்தது. அரிசி தேடிப்போய் ஓராண்டாய்த் திரும்பாத மகன் தவநேசனை இறந்தவனாகக் கொண்டு, மறுநாட் காலை மருமகள் விமலேஸ்வரியின் தாலியைக் களைந்து வெள்ளை உடுத்துவிக்கவென, ஊர்வாய்க்கு அஞ்சிய நாகமணியார் அரிதின் முயன்று வாங்கிவைத்த சேலை அது. நீர் படாத புதுத்துணியே கோடி. கோடியின்றி அச்சடங்கு அவர் குடியில் ஒருநாளும் நடந்ததில்லை. கணவன் உயிரோடிருக்கிறான் என்று விமலேஸ்வரி வாதாடவில்லை. தாலியைக் கழற்றமாட்டேன் என்று ஒருமுறை சொன்னாள். அச்சொல்லைக் கேட்டதாக எவரும் காட்டிக்கொள்ளவில்லை.

மாமனார் முகங்கழுவித் திருநீறு பூசி வருமுன், அவள் சேலையை எடுத்துச்சென்று, வாளி நீரில் தானே அமிழ்த்திப் பிழிந்து, இரு மரங்களுக்கிடையே கட்டினாள். ஒளி பாய்ந்தது. துணியில், ஏசுபிரான் அழைக்க, கல்லறையில் நான்கு நாள் கிடந்த ஒருவன் கட்டுத்துணியோடு எழுந்துவந்தான்.

"போதகர் ஐயா, எழும்பி வந்தவருக்கு நிவாரண அரிசி மட்டையைத் திருப்பிக் குடுத்தவையோ, இல்லை பேரை வெட்டினது வெட்டினதுதானோ?" என்று அயற்குடில் தங்கம்மா கேட்க, சிரிப்பு எழுந்து அடங்கியது.

வந்துநின்ற நாகமணியார் சிரிக்கவில்லை.

"நனைச்சுப்போட்டியே, பிள்ளை?"

"ஓம், மாமா."

"நனைஞ்சது கோடியாகாதெண்டு தெரியாதே உனக்கு?"

"தெரியும், மாமா."

அவர் ஈரச் சேலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். பின்னர், சடங்குக்கென வந்திருந்த உறவினரை நோக்கி, "நாளைக்கு ஒண்டுமில்லை. கோடியில்லாமல் எங்கடை வீட்டிலை இது நடவாது," என்றார். வேறு துணி எப்போது கிடைக்கும் என்று அவரும் சொல்லவில்லை, எவரும் கேட்கவில்லை.

விமலேஸ்வரி மகிழவுமில்லை, அழவுமில்லை. போதகர் அடுத்த தகட்டைச் செருக, அதில் எழுந்தவர் யாரென அறியாமலே பார்த்துக்கொண்டிருந்தாள். இறந்தோர் எழுவது பற்றி யாம் ஒன்றும் அறியோம். அந்தத் துணி உலர்ந்த பின்னும், இறந்தான் என்று சொல்லப்படாமல் ஒருவன் இருந்துகொண்டிருந்தான்.