ரெமிம்மாவின் பின்வாசல் தட்டு

1

இந்தக் கதை பிறந்தது ஒரு பன்றிக்கறியிலிருந்து. ஒளிப்பானேன்?

போன மாதம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வீட்டில் சாப்பிட்டேன். தங்கவயலில் பன்றிக்கறிக்குப் பஞ்சமில்லை. ஆனால் மிளகாய்த்தூள் படாத பன்றிக்கறியை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். வினிகர், நசுக்கிய பூண்டு, முழு மிளகு, பிரிஞ்சி இலை, அவ்வளவுதான். இரண்டாம் முறை சோறு வாங்கிய பிறகுதான் பெயரைக் கேட்டேன். அதோபோ என்றார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் சமைப்பதாம்.

பிலிப்பைன்ஸ் எங்கே, ராபர்ட்சன்பேட்டை எங்கே? எப்படி வந்தது என்று கேட்டேன். அரைப் பதில்தான் கிடைத்தது, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுபோனது. மீதி அரையை நான் இட்டுக்கட்டுகிறேன். அந்த வீடு யாருடையது என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். துப்பறியும் கதை எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

2

முதல் தொடக்கம்: 'அறுபத்து நான்காம் ஆண்டு, ஊரிகத்தின் மீது ஒரு மர்மம் கவிந்திருந்தபோது' – வேண்டாம். தங்கவயலின் ஊரிகத்தின் மீது கவிந்திருந்தது சயனைடு மேட்டுத் தூசி, தங்கம் பிரித்த கழிவு மண்.

இரண்டாம் தொடக்கம்: 'பெங்களூர் ரயிலிலிருந்து துப்பறிவாளர் ஆர்தர் இறங்கியபோது அவருடைய கூரிய கண்கள்' – இந்த ஆர்தரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். கூரிய கண்களைத் தவிர மனிதரிடம் வேறொன்றும் இல்லை. அதே ரயிலில் திருப்பி அனுப்பிவிட்டேன். காணாமல் போனது ஒரு தட்டுச் சோறு. அதைத் தேட சமையற்காரிதான் சரியான ஆள்.

ஆகவே, ஃப்ளோரா.

3

அப்போது, பன்னிரண்டு வருஷத்துக்கு முன், ஃப்ளோராவுக்கு நாற்பது வயது. கணவன் ஹரோல்டுக்குச் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிற வேலை. அவள் சமைத்தது ஊரிகத்தில் ஒரு பங்களாவில். அங்கே இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வந்திருந்தார் தும்லாவ் என்ற பிலிப்பைன்ஸ் பொறியாளர். அவர்கள் நாட்டிலும் தங்கச் சுரங்கம் உண்டு. ஆழத்தில் காற்றோட்டம் எப்படி என்று பார்த்துப் போக வந்தவர். (அப்படி ஒருவர் நிஜமாக வந்தாரா என்று எந்தப் பதிவேட்டிலும் நான் தேடவில்லை. நீங்களும் தேட வேண்டாம்.)

அவர் மனைவி ரெமெடியோஸ். தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்க அவருக்குப் பெயர் ரெமிம்மா. சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டே ஃப்ளோராவோடு அரட்டையடிப்பார். அவர்கள் ஊரிலும் ஆளைக் கண்டதும் 'சாப்பிட்டாயா' என்றுதான் கேட்பார்களாம். அதைக் கேட்ட சந்தோஷத்தில் ஃப்ளோரா அவருக்கு ஒரே ஒரு தமிழ் வாக்கியம் கற்றுக்கொடுத்தாள்: 'சாப்ட்டாச்சா?' பால்காரர், தபால்காரர், பங்குச் சாமியார் என்று ஒருவரையும் ரெமிம்மா விடவில்லை.

அக்டோபரில் ரெமிம்மாவின் அம்மா ஊரில் இறந்துபோனார். கடிதம் வருவதற்குள் அடக்கமே முடிந்திருந்தது. ரெமிம்மா யாரையும் எதுவும் கேட்பதை விட்டார். சாப்பிடுவதையும் விட்டார். பத்து நாளில் ஆள் பாதியானார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர், தானே எழுந்து அதோபோ சமைத்தார். யாரும் கைவைக்கும் முன் முதல் சோறும் முதல் கறியும் எடுத்து ஓர் எனாமல் தட்டில் போட்டு, ஸ்பூன் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, பின்வாசல் படியில் வைத்தார்.* அம்மாவுக்கு.

மத்தியானம் பார்த்தால் தட்டு காலி. தட்டின் நடுவே ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை.

அடுத்த ஞாயிறு, ஒரு வெல்லக்கட்டி. மூன்றாம் ஞாயிறு, ஒரு கொய்யா. கொய்யாவைப் பார்த்ததும் ரெமிம்மா சிரித்துவிட்டார். அவர் அம்மா வீட்டு முற்றத்தில் கொய்யா மரம் உண்டாம். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

---
* அவர்கள் பக்கத்தில் இதை அதாங் என்பார்கள். நம் படையல்தான். ஃப்ளோராவுக்கு இது புரிந்தது. சாமியாரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

4

இப்போது சிக்கல். தும்லாவ் துரை ஃப்ளோராவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என் மனைவி தட்டோடு பேசுகிறாள். நல்ல எண்ணத்தில்தான் நீ இதைச் செய்திருப்பாய். ஆனால் அவளை ஏமாற்றுகிறவர்கள் என் வீட்டில் இருக்க முடியாது. அடுத்த ஞாயிற்றுக்குள் யாரென்று சொல். இல்லையென்றால் வேறு சமையற்காரி பார்க்க வேண்டியிருக்கும்."

"நான் இல்ல தொரை," என்றாள் ஃப்ளோரா.

அவளுடைய சந்தேகப் பட்டியல் இது. காக்கா: துணியை விலக்கும், கடலை கொண்டுவருமா? நாய்: வெல்லத்தை அதுவே தின்றிருக்கும். ஹரோல்ட்: கறி என்றால் அவனுக்கு உயிர், ஆனால் மூன்று ஞாயிறும் பகல் ஷிஃப்ட், பூமிக்கடியில் இருந்தான். ரெமிம்மாவின் அம்மா: இங்கேதான் ஃப்ளோரா தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் சாம்பல் ஒட்டியிருந்தது.

"செத்தவங்க சாப்புடுவாங்க, சரி," என்று அன்று மாலை ஹரோல்டிடம் சொன்னாள். "சாம்பல் போட்டுத் தட்டு வௌக்கி வெப்பாங்களா?"

"நீ செத்தா செய்வ," என்றான் ஹரோல்ட்.

5

சனிக்கிழமை ரெமிம்மாவின் பிறந்தநாள். (வசதிக்காக நான் வைத்த பிறந்தநாள்.) அன்றும் தட்டு வைத்தார். ஃப்ளோரா காயப்போட்ட படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பதினோரு மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு பழனியம்மா வந்தார். பங்களாக்களில் கொல்லை பெருக்குகிறவர். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, படியில் இருந்த சோற்றைத் தன் தூக்கில் கொட்டிக்கொண்டு, குழாயடியில் தட்டை விளக்கி, மடியிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து வைத்தார். ஒளிவு மறைவே இல்லை.

"இன்னாக்கா பண்றீங்க?"

"எனக்கு வச்ச சோத்த எடுத்துக்கினு போறேன்."

"உங்களுக்குன்னு யார் சொன்னாங்க?"

"பின்வாசல்ல வச்சா வேற யாருக்காம்? இருவது வருசமா பங்களா பங்களாவா வரேன். எல்லா வூட்லயும் மிச்சம், பழசு, தீஞ்சது. இந்தம்மாதான் பானையோட மொதல் சோறு போட்டு, துணி மூடி, ஸ்பூன் வேற வச்சிக்கிறாங்க. அத்த வாங்கிக்கினு வெறுந்தட்ட வச்சிட்டுப் போக நான் இன்னா பிச்சைக்காரியா?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அதான் கொய்யா வச்சேனே."

ஃப்ளோரா விரிப்பைப் பிடித்தபடி நின்றாள். திருடியைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் திருட்டைக் காணவில்லை.

6

(பழனியம்மாவை நான் இப்படி எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். முதல் வரைவில் அவர் பசியால் எடுத்தார், அகப்பட்டதும் அழுதார். படித்துப் பார்த்தேன், எனக்கே வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன். இவர் அழுகிற ஆள் இல்லை. யாரோ மரியாதை கொடுத்தார்கள் என்று நினைத்து, பதில் மரியாதை செய்தவர்.)

ஃப்ளோராவின் சங்கடத்தைப் பாருங்கள். சொன்னால், ரெமிம்மாவின் அம்மா இரண்டாம் முறை சாவார். சொல்லாவிட்டால், ஃப்ளோராவுக்கு வேலை போகும். இதில் மூன்றாவது ஒன்றும் உண்டு: அந்த முதல் சோறு தனக்கு வைத்ததில்லை என்று பழனியம்மாவுக்குத் தெரியவரும். அதுதான் ஃப்ளோராவுக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. எனக்கும்.

7

முடிவு ஒன்று: ஃப்ளோரா உண்மையைச் சொல்கிறாள். வாய்மை வெல்கிறது. தட்டு நின்றுபோகிறது. இது முடிவா, தண்டனையா?

முடிவு இரண்டு: 'நான்தான் வச்சேன் தொரை' என்று பழியை ஏற்று வெளியேறுகிறாள். தியாகம். ஹரோல்ட் என்னை உதைக்க வருவான்.

முடிவு மூன்று: ரெமிம்மாவுக்கு முதல் ஞாயிறே தெரியும். ஆனால் தெரிந்தவர் கொய்யாவைப் பார்த்து அப்படிச் சிரித்திருப்பாரா என்று...

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கே போவோம். ரெமிம்மா தட்டை ஏந்திக்கொண்டு பின்வாசலுக்கு வருகிறார். அவருக்குப் பின்னால் துரை, ஃப்ளோராவின் பதிலுக்காக நிற்கிறார். வழக்கத்தைவிட முன்னதாகவே கொல்லைக் கதவு திறக்கிறது. பழனியம்மா, மடியில் கனத்தோடு. நடுவில் ஃப்ளோரா.

ரெமிம்மா மடியைப் பார்த்தார். பிதுங்கி நின்ற கொய்யாவைப் பார்த்தார். கையிலிருந்த தட்டைப் பார்த்தார். அந்த முகம் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. பிறகு வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ்தான் ஒரே ஒரு வாக்கியமாயிற்றே.

இங்கே பேனாவை மூடிவிட்டேன்.

8

கறி சாப்பிட்ட வீடு என் நண்பன் வாசுவுடையது. வாசுவின் அம்மா பழனியம்மா. எந்தப் பங்களாவிலும் பின்வாசல் படியைத் தாண்ட விடப்படாதவர். ஆனால் அன்று அடுப்பருகில் நான் கரண்டியை எடுத்தபோது கையைத் தட்டிவிட்டார்.

"வினிகர் கொதிக்கற வரைக்கும் கிண்டக் கூடாது."

இது ரெமிம்மாவின் அடுப்புப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். என்னிடம் உள்ள ஒரே தடயம் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. வாசு வீட்டார் பௌத்தர்கள். அந்த வீட்டில் எந்தச் சாமிக்கும், எந்தச் செத்தவருக்கும் படையல் கிடையாது. ஆனால் அவர் முதல் சோறும் முதல் கறியும் எடுத்து ஓர் எனாமல் தட்டில் போட்டு, ஸ்பூன் வைத்து, துணி மூடிப் பின்வாசலில் வைத்தார்.

"யாருக்கும்மா?"

"ரெமிம்மாக்கு."

"எறந்துட்டாங்களா?"

"எனக்கு இன்னா தெரியும்? ஊருக்குப் போயி பத்து வருசமாச்சி. இருந்தாலும் பசிக்கும், இல்லாட்டியும் பசிக்கும்."

"அந்த ஞாயித்துக்கெழம இன்னாம்மா நடந்துச்சி?"

"கதை எழுதறது நீயா, நானா? சாப்புடு."

கிளம்பும்போது ஒரு தூக்கில் கறி கொடுத்தனுப்பினார். கறி அன்றே தீர்ந்தது. தூக்கு என் மேஜை மேல் இருக்கிறது. வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. இந்தக் கதையைப் போட்டுக் கொடுக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இப்போது பார்த்தால் தூக்கில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அதற்குள் நீங்கள் ஏதாவது போட்டு வையுங்கள். ஒரு கொய்யா என்றாலும் சரி.