சுவரில் நின்ற விரல்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. உங்களுக்கு இன்றைக்கு ஒரு படத்தின் கதை சொல்லப்போகிறேன். அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டவரின் கதை என்றும் சொல்லலாம். அவர் கெட்டவர் இல்லை. நடுவில் உங்களுக்கு அவர்மேல் கோபம் வரும், அதனால் இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

தெருவில் எல்லாருக்கும் அவர் சட்டக்காரர்தான். கீழே கடை, மேலே வீடு. முப்பது வருஷமாக மரம் அறுத்து, கண்ணாடி வெட்டி, அட்டை ஒட்டிப் பழகிய கை. வண்ணம் தீட்டுகிறவர்கள் தூரிகையில் தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று தாளின் ஓரத்திலேயே ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார்கள். அந்தக் கறைகளை யார் சொல்லவும் காத்திராமல் இவர் வெட்டி எறிந்துவிடுவார். வரைந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, "அட, இது நம்ம படமா!" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் உருகிப்போவார்.

அவருக்கு ஒரு அக்கா, ஒரு தம்பி. தம்பியை வீட்டில் சின்னவன் என்பார்கள். நாற்பது வயது ஆன பிறகும் சின்னவன்தான். மாடி அறையில் உட்கார்ந்து வயலின் வாசிப்பான். ஆறு வருஷத்துக்கு முன் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவன் இறந்த மாதமே, மரச் சட்டங்களை அடுக்க இடம் வேண்டுமென்று, சட்டக்காரர் அந்த அறையைக் காலிசெய்து வயலினை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் வாசிக்கட்டுமே என்றுதான் நினைத்தார். அக்கா வந்தாள், வயலின் தொங்கிய ஆணியைப் பார்த்தாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடா?" என்றாள். படி இறங்கிப் போனவள் அப்புறம் ஏறி வரவில்லை.

இந்த வருஷம் நூலகத்து மாடிக் கூடத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பிடித்த ஓர் இசையைக் கேட்க வேண்டும், காதில் விழுந்ததை வரைந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வரைந்தவர்களில் ஒருவர்கூட ஓவியர் இல்லை. பஸ் ஓட்டுநர் ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், இப்படி அக்கம்பக்கத்து மனிதர்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு ஹெட்போன் தொங்கும். இருபத்தாறு படங்களுக்கும் சட்டம் போட நம்மவர் ஒப்புக்கொண்டார்.

கடைசியாக வந்தது ஒரு நீளமான சுருள். நூலகக்காரம்மா அதை மேஜைமேல் வைத்து, கூடவே ஒரு பென் டிரைவையும் நீட்டினார்.

"இதைக் கேட்டுட்டு அப்புறம் சட்டம் போடச் சொன்னாங்க சார்."

"எனக்கு எதுக்கு மேடம் காது? கண்ணும் கத்தியும் இருந்தா போதும்."

"சொன்னது உங்க அக்கா சார். வரைஞ்சதும் அவங்கதான்."

சட்டக்காரர் கையை நீட்டி வாங்கினார். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதில் இருப்பது சின்னவனின் வாசிப்பாகத்தான் இருக்கும் என்று தெரியும். கேட்க நெஞ்சில் தெம்பில்லை. 'வேலை தலைக்கு மேல கிடக்கு, முடிச்சுட்டுக் கேட்டுக்கலாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேலை மாதிரி நல்ல சாக்கு உண்டா, கண்ணுகளா? யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சுருளை விரித்தார். இடது பக்கத்திலிருந்து நீலமும் சாம்பலுமாக அலை அலையாகக் கிளம்பி, மேலே மேலே ஏறியது படம். ஏறிய இடத்தில் சட்டென்று செங்குத்தாக ஒரு கறுப்புக் கோடு. அதற்கப்புறம் ஒன்றரைச் சாணுக்கு வெறும் வெள்ளை. வெள்ளையின் கடைசி ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் ஓர் இழுப்பு.

கறுப்புக் கோட்டோடு படம் முடிந்துவிட்டது என்று கண் சொன்னது. ஓரத்தில் இருப்பது தூரிகையைச் சோதித்த கறை. ஸ்கேலை வைத்தார், கறுப்புக் கோட்டை ஒட்டிக் கத்தியை ஒரே கோடாக இழுத்தார். வெட்டு விழுந்தது தெரியாத அளவுக்குச் சுத்தமான வெட்டு.

யாருக்கும் கொடுக்காமல் பத்து வருஷமாகப் பொத்தி வைத்திருந்த நல்ல மரத்தை அந்தப் படத்துக்கு எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"கல்யாணப் பொண்ணு முகத்தைக்கூட இத்தனை தடவை தொடைக்க மாட்டாங்க."

"நீ வேணா பாரு, அக்கா இதைப் பார்த்துட்டு நேரா நம்ம வீட்டுக்குத்தான் வருவா."

"வந்தா எனக்கும் சந்தோஷம்தான். நீங்க மட்டும் அன்னைக்கு வாயை மூடிட்டு இருங்க."

கண்காட்சி தொடங்கிய அன்று மதியம் அக்கா வந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. படத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, நேரே சட்டக்காரரிடம்தான் வந்தாள்.

"என்னடா, இன்னும் கை நடுங்காம வேலை பார்க்கிறியா?"

"உன் படம்னதும் நடுங்குச்சுக்கா."

"பொய் சொல்லாதே. மரத்தைப் பார்த்தாலே தெரியுது." சிரித்தாள். ஆறு வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு! அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. "இங்க வா, இதை எப்படிப் பார்க்கணும்னு காட்டுறேன்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். ஆள்காட்டி விரலைக் கண்ணாடியின் இடது ஓரத்தில் வைத்தாள். காதில் இசை நகர நகர, விரலும் நீலத்தின் மேல் நகர்ந்தது, ஏறியது, கறுப்புக் கோட்டைத் தொட்டது. அதைத் தாண்டிய மறுகணம் மரத்தில் முட்டியது.

அக்கா கண்ணைத் திறந்தாள். விரலை எடுக்கவில்லை. மரத்தின்மேல் ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கி, வெறும் சுவர்மேல் மெல்ல மெல்லக் கொண்டுபோனாள். ஒன்றரைச் சாண் போய் விரல் நின்றது.

"இங்க ஒண்ணு இருந்துச்சுடா."

"ஆரஞ்சா? அது... தூரிகை தொடச்ச கறைன்னு..."

"நீ கேட்டியா?"

"கேட்கலக்கா."

அவள் ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டிவிட்டு, முதலிலிருந்து போட்டாள். வயலின் கிளம்பியது. சின்னவனேதான். பாட்டு உச்சத்துக்கு ஏறியபோது, மாடிப்படிக்குக் கீழிருந்து ஒரு குரல் வந்தது: "டேய், போதும் நிறுத்துடா! கடையில ஆள் நிக்கிறாங்க!" அவருடைய குரல்தான். வயலின் அறுந்தாற்போல நின்றது.

அவமானத்தில் ஹெட்போனைக் கழற்றப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்தாள். "இன்னும் முடியல. இரு."

ஒன்றுமே கேட்கவில்லை. நாற்காலி ஒன்று முனகியது. யாரோ மூச்சை அடக்கியிருப்பது போலிருந்தது. அவர் நினைத்ததைவிட வெகு நேரம். பிறகு, கீழே கேட்டுவிடக் கூடாதே என்ற பயத்தோடு, நாலே நாலு சுரம், காதோடு காது சொல்வதுபோல. விட்ட இடத்திலிருந்து பாட்டை முடித்துவிட்டுத்தான் சின்னவன் வில்லைக் கீழே வைத்தான்.

"தினமும் அப்படித்தான்டா," என்றாள் அக்கா. "நீ கத்துவே. அவன் காத்திருந்து, உன் காதில விழாம முடிச்சுக்குவான். பக்கத்தில உக்கார்ந்து பதிவு பண்ணின எனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கும் தெரியட்டும்னுதான் வரைஞ்சேன்."

"அக்கா, அந்தத் துண்டைத் தேடி..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். கழிவுத் தாளெல்லாம் செவ்வாய்க்கிழமையே வண்டி ஏறிவிட்டது. "இன்னொரு தடவை வரைஞ்சு குடுக்கா. நான் தொடக்கூட மாட்டேன்."

"அந்த ஒரு இழுப்பு இழுக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சுடா."

கோபப்பட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. சட்டத்தின் மூலையை ஒருமுறை தடவினாள். "மரம் அழகா இருக்கு," என்றாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வீட்டுக்கு ஒரு எட்டு..."

"இன்னைக்கு வேண்டாம்டா."

கண்காட்சி இன்னும் ஒன்பது நாள் நடந்தது. ஒன்பது நாளும் அவர் மதியத்தோடு கடையைப் பூட்டிவிட்டு அந்தப் படத்தின் பக்கத்தில் வந்து நின்றார். வருகிறவர்கள் கேட்பார்கள். வயலின் நின்றதும் முடிந்துவிட்டது என்று ஹெட்போனைக் கழற்றப் போவார்கள். "கொஞ்சம் பொறுங்க, இன்னும் இருக்கு," என்பார். "அப்படியே அந்தச் சுவரைப் பாருங்க."

பஸ் ஓட்டுநர் ஒருநாள் சுவரை உற்று உற்றுப் பார்த்தார். "சுவர்ல ஒண்ணும் இல்லையே சார்?"

"இருந்துச்சு," என்றார் சட்டக்காரர். "நான்தான் வெட்டிட்டேன்."

படியில் காலடி கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தார். அக்கா வரவில்லை. அதற்கப்புறம் வந்தாளா என்று என்னைக் கேட்காதீங்க கண்ணுகளா, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நேரமாகிவிட்டது, போய்ப் படுங்க. உங்கள் வீட்டில் ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவருக்குப் பொறுமை இருக்கட்டும். பயந்து பயந்து மெல்லப் பேசுகிற பிள்ளை உங்கள் வீட்டில் இல்லாமல் போகட்டும். கோபித்துக்கொண்டு இறங்கிப் போனவர்கள் ஏறி வர உங்கள் வாசல் திறந்தே இருக்கட்டும். எல்லாரும் நன்றாக இருங்க.