திரும்பி வந்த தாலம்

சுபுஹுத் தொழுகை முடித்து வந்ததும் அப்துல் கய்யூம் கடை வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளை மெதுவாகத் தெருவில் இறக்கினார். காஜா பெராங் சாலையில் காப்பிக்கடை மட்டும்தான் திறந்திருந்தது. அக்கம்பக்கத்தார் பார்க்க வண்டி ஓட்டிப் பழக அவருக்குக் கூச்சம். அதனால் தினமும் முனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போவார்.

"வண்டி உங்கள ஓட்டுதா, நீங்க வண்டிய ஓட்டுறீங்களான்னு தெருவே கேக்குது" என்றாள் அவர் மனைவி பீவி, வாசலில் தண்ணீர் தெளித்தபடி.

கய்யூம் தள்ளிக்கொண்டே போனார். இந்த முப்பத்தெட்டு வயது வரைக்கும் மசாலாக் கடையில் மல்லியும் மிளகும் நிறுத்துப் போட்டவர். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. அந்த வண்டி அவருடையதும் அல்ல. தம்பி யூனுஸுடையது.

யூனுஸ் பினாங்குத் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தவன். வருடம் தவறாமல் நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள், இரண்டு நாள் பயணத்தின் புழுதியோடு அந்த வண்டியில் வந்து இறங்குவான். சத்தம் கேட்டதும் பீவி அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது அவன் ஒன்றையே சொல்வான்: "ஒரே ஒரு தடவ நீ அங்க வா காக்கா. நான் வர்ற ரோட்ட நீ பாக்கணும்." கய்யூமும் ஒவ்வொரு தடவையும், "கடைய யாரு பாக்குறது?" என்பார்.

போன வருடம், நோன்புக்கு முந்தின ருவா மாதம் இருபதாம் நாள், யூனுஸ் காய்ச்சலில் போய்விட்டான். தந்தி கிடைத்து, ரயில் பிடித்து கய்யூம் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஈர மண்ணைத்தான் பார்த்தார். சந்தூக்கைத் தோளில் சுமக்கும் பாக்கியம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. சில வாரம் கழித்துச் சரக்கு ரயிலில் வண்டி வந்தது. அதை அவர் தினமும் துடைப்பார். பின்சக்கரத்து மட்கார்டின் உட்புறம் காய்ந்து ஒட்டியிருந்த செம்மண்ணை மட்டும் தொடமாட்டார். அது எந்த ஊர் மண் என்று அவருக்குத் தெரியாது.

முதலாண்டு நினைவு நாளில், தம்பி வந்த அதே சாலையில் போய், அவன் கபுருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாசீன் ஓத வேண்டும். இதுதான் கய்யூமின் ஆசை. ரயிலில் போனால் ஒரே நாள் என்று பீவி சொன்னாள். "ரயிலு அவன் வந்த வழில போவாது" என்றார்.

அன்றிலிருந்து கடைக் கல்லாவுக்குப் பின்னால் பயணத்துக்கான சாமான்கள் சேர்ந்தன. எண்ணெய்க் குப்பி, உபரி பிளக், டியூப் ஒட்டும் பசை, மழைக்கு ஒரு ரப்பர் துணி. தம்பின், சிரம்பான், கோலாலம்பூர், தாப்பா, ஈப்போ, தைப்பிங் என்று ஊர்ப் பெயர்களை தஸ்பீஹ் மணி உருட்டுவதுபோல் வாய்க்குள் உருட்டுவார். அந்த ஊர்களில் தம்பி எங்கே தேநீர் குடித்தான், எந்த மரத்தடியில் மழைக்கு ஒதுங்கினான் என்று கேட்டு வைக்காமல் போனோமே என்று நினைப்பு வரும். அப்போதெல்லாம் மிளகு நிறுக்கும் கை நின்றுவிடும்.

எல்லாம் தயார். லைசென்ஸ் மட்டும் இல்லை.

ஒரு தடவை பரீட்சைக்குப் போய்விட்டு வந்திருந்தார். சமதரையில் நன்றாகத்தான் ஓட்டினார். புக்கிட் சீனா குன்றுப் பக்கத்து ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்பச் சொன்னபோது, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி பின்னால் உருண்டு அவரோடு சேர்ந்து சாக்கடையில் இறங்கியது. பரீட்சை வைத்த தனபாலன் அவரைத் தூக்கிவிட்டு, அடுத்த மாதம் வரச் சொன்னார். அடுத்த பரீட்சைக்கும் ருவா இருபதுக்கும் நடுவில் எட்டே நாள். அதிலும் தவறினால் நினைவு நாள் போய்விடும்.

இந்தக் கவலையை அடுத்த கடைத் துணி வியாபாரி அலி அக்பரிடம் சொன்னார்.

"தனபாலன் நம்ம தெருவுக்குப் பின்னால, செட்டிங்க குடியிருக்கிற கம்பத்துல உள்ள ஆளுதானே?" என்றார் அலி அக்பர். "வீட்டுக்கு ஒரு தாலம் நெய்ச்சோறு அனுப்பு தம்பி. வெறுந்தட்ட யாராச்சும் திருப்பி அனுப்புவாங்களா?"

"அது லஞ்சமில்லையா நானா?"

"சோறுப்பா. சோத்த லஞ்சம்னு எவன் சொல்வான்?"

அந்தத் தெருக்களில் அது பழைய வழக்கம். மலாய்க்காரர், செட்டிகள், தமிழ் முஸ்லிம்கள் எல்லோருக்கும் பொது. பக்கத்து வீட்டிலிருந்து பண்டம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. பலகாரம் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது வைப்பார்கள். அந்த அன்பான வழக்கத்துக்குள் தன் காரியத்தைப் பொதிந்து அனுப்பலாம் என்று கய்யூம் நினைத்தார். அவர் செய்த தவறு அதுதான்.

வெள்ளிக்கிழமை பீவி நெய்ச்சோறு ஆக்கினாள். தனபாலன் வீட்டார் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள் என்று கோழிக்கறி வைத்தாள். கணவர் பக்கத்து வீட்டுப் பிரியத்தில் கொண்டுபோகிறார் என்றே நம்பி, மேலே வறுத்த முந்திரியும் தூவினாள். அதைப் பார்த்தபோது கய்யூமுக்கு மனம் உறுத்தியது. ஆனாலும் கொண்டுபோனார். தனபாலனின் மனைவி இந்திரா முகம் மலர வாங்கிக்கொண்டாள்.

ஒரு வாரம் ஆகியும் தாலம் திரும்பவில்லை. கய்யூம் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். தட்டுக்குப் பதிலாகப் பாஸ்தான் தர வேண்டும் என்று தனபாலனுக்குப் புரிந்துவிட்டது!

பரீட்சை நாள் வந்தது. ஏற்றத்தின் அடியில் தனபாலன் பதிவுப் புத்தகத்தோடு நின்றிருந்தார். பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய்தான். அவரும் மலாயில்தான், அண்ணன் முறை வைத்துப் பேசினார்.

"அபாங், தட்டு இன்னும் எங்க வீட்டுல இருக்கு, கோவிச்சுக்காதீங்க. அரிசி ஊறப்போட்டு நல்ல பலகாரமா செஞ்சுதான் அனுப்பணும்னு இந்திரா பிடிவாதமா இருக்கா. எங்கம்மா படுத்து ஒரு மாசம் ஆச்சு. எதுவும் வாயில வைக்கல. உங்க சோத்துல ரெண்டு கை சாப்பிட்டாங்க. உங்க வீட்டுக்கு நல்லது நடக்கணும்னு அன்னைக்கு சாமி விளக்கு முன்னால கும்பிட்டாங்க."

கய்யூமின் கை ஹேண்டில் பாரிலேயே இருந்தது. வண்டியைக் கிளப்ப அவரால் முடியவில்லை. தான் விலையாக அனுப்பியதை அந்த வீடு அன்பாக உண்டிருக்கிறது. ஒரு நோயாளி அதற்காகத் தன்னை வாழ்த்தியிருக்கிறாள். இனி பாஸ் வாங்கி அந்தச் சாலையில் போனால், தம்பியின் கபுருக்கு முன்னால் எந்த நாக்கால் யாசீன் ஓதுவது?

"இஞ்சே" என்று மரியாதையாக அழைத்தார், தலையைத் தூக்காமல். "நான் அந்தச் சோத்த அன்புல கொண்டாரல. இன்னைக்கு நீங்க பாஸ் போடணும்னு கொண்டாந்தேன். என் பொஞ்சாதிக்குக் கூடத் தெரியாது."

 தனபாலன் புத்தகத்தை மூடினார்.

"இனி நான் உங்களுக்குப் பரீட்சை வைக்க முடியாது அபாங். பாஸ் போட்டா சோத்துக்காகப் போட்டதாகும். பெயில் போட்டா கோவத்துல போட்டதாகும். வேற அதிகாரி வர ரெண்டு மாசம் ஆகும்." போகத் திரும்பியவர் நின்றார். "இந்த வாரம் வேலைக்கு சைக்கிள்ல போகும்போது தினமும் உங்கள இந்த ஏத்தத்துல பாத்தேன். வண்டி ஒரு சாண்கூட உருளல. சோறு இல்லாமலேயே பாஸ் ஆயிருப்பீங்க."

கய்யூம் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தார். பீவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. "முந்திரி தூவிக் குடுத்தேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது அவரை அதிகம் வருத்தியது.

மறுநாள் மாலை தனபாலனே தாலத்தோடு வந்தார். மேலே போட்டிருந்த துணியை பீவி விலக்கினாள். வாழை இலையில் ஆறு பலகாரங்கள். பக்கத்தில், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஆப்பு மாதிரிச் செதுக்கிய ஒரு மரக்கட்டை.

"வெறுந்தட்டு அனுப்பக் கூடாதில்லையா?" என்றார் தனபாலன். "பரீட்சை வைக்கத்தான் கூடாது. சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இல்ல. பினாங்கு ரோட்டுல இதவிடப் பெரிய ஏத்தம் எல்லாம் இருக்கு. நாளைக்கு சாயங்காலம் வாங்க."

 கய்யூம் அந்தக் கட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ருவா இருபது வந்தது. கய்யூம் பினாங்கில் இல்லை. அந்த வண்டிக்குப் பக்கத்தில், கடை வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து யாசீன் ஓதினார். நடுவில் சாலையில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. உள்ளே பீவி பழக்கத்தில் எழுந்து அடுப்புப் பக்கம் போய், நின்று, திரும்பி வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிறகு அவள் நெய்ச்சோற்றைத் தட்டுகளில் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் அனுப்பினாள். தனபாலன் வீட்டுக்குக் கய்யூமே தாலத்தைத் தூக்கினார்.

"போன தடவக் குடுத்த சோறும் போச்சு, லைசென்சும் போச்சு" என்று கிண்டலாகச் சொன்னார் அலி அக்பர். "மறுபடியும் தாலமா? இந்தத் தடவ என்னத்துக்கு?"

கய்யூம் நின்றார்.

"ஒண்ணுத்துக்கும் இல்ல நானா. காரியத்துக்காகக் குடுத்தா, நெய்ச்சோறா இருந்தாலும் அது லஞ்சந்தான். அதக் குடுத்துத்தான் என் தம்பிகிட்ட போற நாளத் தொலைச்சேன். ரெண்டு மாசம் கழிச்சுப் போவேன். போறப்ப நேர்மையா வாங்குன லைசென்சோட போவேன். அவன் வந்த ரோட்டுல தலகுனியாம போவணும்ல?"

சொல்லிவிட்டு, நெய்ச்சோறு மணக்கும் தாலத்தோடு செட்டி கம்பத்துப் பக்கம் நடந்தார்.