அடிக்கட்டைக் கணக்கு

தேசப்பனுக்கு மரம் என்றால் சர்வீஸ். கும்மிடிப்பூண்டி ரயில் பாதைக்கு மேற்கே கிடந்த இருநூறு ஏக்கர் காப்புக்காட்டில் அவன் 1961லிருந்து தற்காலிக வாட்சர். காட்டில் பத்து வருடம் காவல் இருந்தவனை நிரந்தரம் பண்ணலாம் என்று ஒரு விதி இருப்பதாக ரேஞ்சு ஆபீஸ் கிளார்க் ரங்கசாமி சொல்லியிருந்தார். நிரந்தரம் என்றால் காக்கிச் சட்டை, பென்ஷன், செத்துப்போனால் பெண்டாட்டி பச்சையம்மாவுக்கு மாதாமாதம் ஏதோ கொஞ்சம். இப்போது பதினோராவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காட்டின் உசிலையும் காரையும் களாவும் தன் பென்ஷனை நோக்கித்தான் வளர்கின்றன என்று அவன் நம்பியதில் தப்புச் சொல்ல முடியாது.

படம் எடுத்து மாட்டும்படியான காடு அல்ல அது. புலி கிடையாது. உடும்பும் நரியும் உண்டு. மற்றபடி மெட்ராஸ் அடுப்புகளுக்குப் போகவேண்டிய விறகு. வருடத்துக்கு ஒரு துண்டை ஏலம் விடுவார்கள். அந்தத் துண்டுக்குக் கூப்பு என்று பெயர். ஏலம் எடுத்தவர் தரையிலிருந்து அரையடி விட்டு வெட்டவேண்டும். நிற்கிற அடிக்கட்டை, அறுத்த கரும்பு மறுதாம்பு விடுகிற மாதிரி, ஐப்பசி மழை கண்டதும் தழைக்கும். பன்னிரண்டு வருடத்தில் மறுபடியும் காடு. வெட்டு முடிந்ததும் அடிக்கட்டைகளுக்குச் சுண்ணாம்பில் நம்பர் போட்டு எண்ணி மேலிடத்துக்கு எழுதுவார்கள். எத்தனை கட்டையோ அத்தனை மரம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இதுதான் கணக்கு.

ரேஞ்சர் வீரராகவனுக்கு அந்த வருடம் ஒரு காதல் வந்தது. காதலியின் பெயர் 'தேசியப் போக்கு'. நாடு முழுவதும் மரவெட்டு வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகிறது, இது கவலைக்குரியது, ஒவ்வொரு ரேஞ்சும் தன் போக்கைக் காட்டவேண்டும் என்று டெல்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கை கிளம்பி, நாலு ஆபீஸ்களில் நாலு சீல் வாங்கிக்கொண்டு அவர் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அவர் காபி கொண்டுவரச் சொல்லும்போதுகூடப் போக்கைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். சுவரில் ஒரு பெரிய வரைபடம் ஏறியது. தேசத்துக்குச் சிவப்புப் பென்சில், மேலே போகும். தன் ரேஞ்சுக்குப் பச்சைப் பென்சில், கீழே வரவேண்டும். பச்சைக் கோடு எவ்வளவு இறங்குகிறதோ அந்த அளவுக்குத் தான் பதவியில் ஏறலாம் என்பது அவருடைய கணிதம்.

கோட்டுக்கு இடைஞ்சலாக இருந்தது காண்டிராக்டர் துளசிராமனின் கூப்பு. நாலாயிரம் மரத்துக்கு அனுமதி. அவர் ஆட்கள் வெட்டியது பதினோராயிரம். தேசப்பன் முதல் வாரத்திலேயே ஓடிவந்து சொன்னான். நீ மரத்தைப் பார்த்துக்கொள், எண்ணிக்கையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ரேஞ்சர் அவனை அனுப்பிவிட்டார். அவர் மகள் சந்திரகலாவின் கல்யாணத்தில் மூன்று நாள் சமையல் யார் விறகில் வெந்தது என்று பந்தியில் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும். பாயசம் நன்றாக இருந்ததால் யாரும் பேசவில்லை.

பிறகு கடிதம் வந்தது. கோட்டுக்கு ஆதாரம் பார்க்க ஓர் இன்ஸ்பெக்ஷன் அதிகாரி மூன்று மாதத்தில் வருகிறார்; அடிக்கட்டைகளை அவரே எண்ணுவார்.

வீரராகவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் முகத்தில் ஒளியோடு தேசப்பனைக் கூப்பிட்டார்.

"கட்டையை எண்ணித்தானே மரத்தைச் சொல்றாங்க? கட்டையே இல்லேன்னா?"

"தோண்டிட்டா தழையாது சார். வேரோட செத்துடும். அப்பால அங்க காடே வராது."

"உனக்குத் தழை வேணுமா, நிரந்தரம் வேணுமா?"

பதிலுக்குக் காத்திராமல் ரேஞ்சர் அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார்.

நாற்பது கூலியாட்கள், கடப்பாரை, மண்வெட்டி. தேசப்பன் மேற்பார்வை. ஏழாயிரத்தைத் தோண்டி நாலாயிரத்தை விடுவதாகத்தான் ஏற்பாடு. பாதி வேலையில் ரேஞ்சருக்கு இன்னொரு ஞானம் பிறந்தது: நாலாயிரம் என்றால் கோடு சற்றே இறங்கும், பூஜ்யம் என்றால் அடியைத் தொடும். ஆக, எல்லாவற்றையும் தோண்டினார்கள். பக்கத்துக் கூப்புகளில் போன வருடமும் அதற்கு முந்தியும் வெட்டித் தழைத்து நின்ற இளங்காடு, இங்கே என்ன இருந்தது என்று காட்டிக்கொடுக்கும் போல இருந்தது. அதையும் தோண்டினார்கள். இன்னும் முறை வராமல் நின்ற பெரிய மரங்கள் தனியாக நின்று யாருக்காகச் சாட்சி சொல்லவேண்டும் என்று அவற்றையும் சாய்த்தார்கள். வேர்க்கட்டை அத்தனையையும் துளசிராமன் கரி சுட்டு விற்றார். அவருக்கு எந்தப் போக்கானாலும் சரி.

பச்சையம்மாவும் கூலிக்கு வந்திருந்தாள். சுள்ளி பொறுக்கி, தலைச்சுமையாகக் கட்டி, கும்மிடிப்பூண்டி ஓட்டல்களுக்கு விற்றுக்கொண்டிருந்தவள். இனிமேல் பொறுக்க ஒன்றும் இருக்காது என்று அவளுக்குக் கணக்குப் போடாமலே தெரிந்தது.

"வெட்டினா வளரும் வளரும்னு நீதான ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சே?" என்றாள், கடப்பாரையை ஊன்றிக்கொண்டு. "வேரைத் தோண்டிட்டா இன்னாய்யா வளரும்? உங்க ஆபீசர் தலையில முடியா?"

"வாயை மூடிக்கினு தோண்டு. எனக்கு ஆர்டர் வரட்டும், அப்பால பாரு."

"ஆர்டர் வந்து? எதுக்குக் காவல் இருப்பே? இந்தக் குழிக்கா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தமாதிரி வாயை வைத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்ஷன் அதிகாரி பங்குனி வெயிலில் ஜீப்பில் வந்தார். குடை பிடித்தபடி நூறு அடி நடந்தார். உழுத கொல்லை போலக் கிடந்த இருநூறு ஏக்கரையும் பார்த்தார். கட்டை எங்கே என்று கேட்டார். இல்லை என்றார் வீரராகவன். கட்டை இல்லாவிட்டால் வெட்டும் இல்லை என்று அதிகாரி ஒரு வரி எழுதி, இளநீர் குடித்துவிட்டுப் போனார். பச்சைக் கோடு அடியைத் தொட்டது. தேசம் முழுவதும் ஏறும்போது ஒரு ரேஞ்சு மட்டும் இப்படி இறங்கியதைப் பாராட்டி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வீரராகவன் அதை ஆபீசில் இரண்டு தடவை வாசித்தார். இரண்டாம் தடவை எழுந்து நின்று வாசித்தார்.

ஆறு மாதம் கழித்து அடுத்த கடிதம். தொழிற்சாலைகளுக்கு இடம் தேடுகிறார்கள். மேற்படி இருநூறு ஏக்கரில் கட்டையே இல்லை என்று ரேஞ்சே சொல்லியிருப்பதால், அது தரிசுதானா, எப்போதிருந்து தரிசு, விவரம் அறிந்த ஒருவரின் வாக்குமூலத்தோடு எழுதவும்.

விவரம் அறிந்தவன் ஒருவன்தான்.

ரங்கசாமி வாக்குமூலத்தை அழகான கையெழுத்தில் எழுதிவைத்திருந்தார். 'எனக்குத் தெரிந்த நாள் முதல் மேற்படி இடத்தில் மரம் ஏதும் இருந்ததில்லை.' வாசிக்கக் கேட்டதும் தேசப்பன், 'இப்போது இல்லை' என்று மாற்றக்கூடாதா என்று மெல்லக் கேட்டான். மாற்றினால் அப்போது இருந்ததா என்று கேட்பார்கள், இருந்தது எங்கே போனது என்று கேட்பார்கள், தோண்டினது யார் என்று கேட்பார்கள் என்று ரேஞ்சர் விளக்கினார். மேற்பார்வை யார் என்று அவர் கேட்கவில்லை. பேனாவைத் திறந்து நீட்டினார். கூடவே இன்னொரு காகிதத்தையும் மேஜையில் வைத்தார். தேசப்பனை நிரந்தரம் செய்யக் கோரும் மனு. ரேஞ்சரே சிபாரிசு எழுதியிருந்தார்.

தேசப்பனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. முதலில், பன்னிரண்டு வருடமாக நான் அந்தக் காட்டைக் காவல் காத்தேன் என்பதில் போட்டான். பிறகு, அங்கே காடே இருந்ததில்லை என்பதில் போட்டான். தபால் செலவு மிச்சமாகட்டும் என்று ரங்கசாமி இரண்டையும் ஒரே கவரில் வைத்து ஒட்டினார்.

பதில் வர ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் வீரராகவன் பிரமோஷனில் போய்விட்டார். மற்ற ரேஞ்சர்களுக்குப் போக்கைக் குறைப்பது எப்படி என்று பாடம் எடுக்கிறாராம். ரங்கசாமி மட்டும் அதே நாற்காலியில் இருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். காட்டில் பத்து வருடக் காவல் என்பது விதி. மனுதாரர் காவல் இருந்ததாகச் சொல்லும் இடம் காடு அல்ல என்று மனுதாரரே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். எனவே அவருடைய காட்டு சர்வீஸ் பூஜ்யம். மனு தள்ளுபடி. காவலுக்குக் காடு இல்லாததால் தற்காலிக வேலையும் இத்துடன் முடிகிறது.

தேசப்பன் கேட்டான்.

"அப்போ பன்னெண்டு வருசம் நான் எங்க சார் நின்னுகினு இருந்தேன்?"

ரங்கசாமி கெட்டவர் அல்ல. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "அதைப் பத்தி இதுல ஒண்ணும் எழுதலையேப்பா" என்றார்.

அப்பீல் போடலாமா என்று கேட்டான். போடலாம், ஆனால் வாக்குமூலம் பொய் என்று முதலில் எழுதித் தரவேண்டும், பொய் வாக்குமூலத்துக்கு ஜெயில் உண்டு என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.



தை மாதம் அந்த நிலத்தில் முள்கம்பி வேலி ஏறியது. கேட்டுக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு ஆள் எடுத்தார்கள். வாட்ச்மேன் வேலைக்கு மூன்று பேர் வேண்டும், காவல் அனுபவம் உள்ளவர்களுக்கு முதலிடம் என்று சொன்னார்கள். பச்சையம்மா அவனைப் பிடித்துத் தள்ளாத குறையாக வரிசையில் நிறுத்தினாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர், மணவாளன் என்று பெயர், வயது கேட்டார், ஊர் கேட்டார்.

"முன்னாடி எங்கயாவது காவல் இருந்திருக்கியா?"

தேசப்பன் வேலிக்கு உள்ளே பார்த்தான். புல்டோசர் மண்ணைச் சமன் செய்துகொண்டிருந்தது. சொன்னால் எழுதிக்கொள்வார்கள். எழுதினது எங்காவது போய் அந்தப் பழைய காகிதத்தோடு சேரும். சேர்ந்தால் ஜெயில்.

"இல்ல சார்" என்றான். "எங்கயும் இருந்ததில்ல."

மணவாளன் அவன் பெயரைக் கல் சுமக்கிற பட்டியலில் எழுதினார். அவனுக்கு முன்னாலேயே பச்சையம்மா அந்தப் பட்டியலில் இருந்தாள். சும்மாட்டுத் துணியில் ஒரு பாதியைக் கிழித்து அவனிடம் கொடுத்துவிட்டு, அவள் கல் குவியலைப் பார்க்க நடந்தாள்.