விலகிய கல்

மதியம் வந்த அளவீடுகளைச் சேர்த்துக் கணக்கை ஓட்டினான். சிறுகோள் பூமியில் விழும் வாய்ப்பு பூஜ்யம் என்று வந்தது. மறுபடியும் ஓட்டினான். பூஜ்யம்தான். வானாய்வகத்தில் கை தட்டினார்கள்.

"உலகம் அழிஞ்சா ஒரு நாளாவது லீவு கிடைக்கும்னு பார்த்தேன். போச்சு" என்றான் பக்கத்து மேசைக்காரன். இவனும் சிரித்து வைத்தான்.

சில வாரங்களாக அந்த எண் ஏறிக்கொண்டே இருந்தது. எப்போதும் அப்படித்தான். கல் வரக்கூடிய பாதை முதலில் அகலமான பட்டையாக இருக்கும். அளக்க அளக்கக் குறுகும். பூமி அந்தப் பட்டைக்குள் இருக்கும்வரை எண் ஏறும். பட்டை பூமியை விட்டு நழுவினால் அன்றே எண் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். மனைவியிடம் ஏறுவதை மட்டும் சொல்லியிருந்தான். பெரும்பாலும் கடைசியில் பூஜ்யமாகிவிடும் என்பதைச் சொல்லவில்லை.

மருத்துவர்கள் கைவிரித்த நாளிலிருந்து அவள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். கல் விழுந்தால் இந்தப் பக்கம்தான் என்று தொலைக்காட்சியில் சொன்ன அன்று எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"பாப்பாவைத் தனியா விட்டுட்டுப் போகணுமேன்னுதாங்க இருந்துச்சு. இப்ப எல்லாருமாப் போயிடலாம்."

"வாயைக் கழுவு" என்றான். ஆனால் அவள் சாப்பிட்டிருந்தாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"என்ன சொல்றாரு உங்க ஆளு, அந்தக் கல்லு?"

"இன்னும் கொஞ்சம் ஏறியிருக்காரு."

அவன் காலணியைக் கழற்றி முடிப்பதற்குள் மகள் பள்ளிப் பையோடு ஓடி வந்தாள்.

"அம்மா, கல்லு வராதாம். டீச்சர் சொன்னாங்க. அப்பா ஆபீஸ்லதான் கண்டுபிடிச்சாங்களாம்."

அவன் குனிந்தபடியே இருந்தான். மனைவி அவனைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சுடி" என்றாள். பிறகு, "சீப்பை எடுத்துட்டு வா" என்றாள்.

"பின்னி விடப் போறியா?"

"இல்ல. நீயே பின்னு. நான் சொல்றேன்."

மகள் கட்டிலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கூந்தலை மூன்றாகப் பிரித்தாள். பின்னால் வளைந்த சிறிய கைகள் இரண்டு பிரிகளைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைத் தேடின. அந்தப் பிரி எட்டும் தூரத்தில்தான் அம்மாவின் கை போர்வைமேல் கிடந்தது. அசையவில்லை.

"இன்னும் இடது பக்கம்" என்றாள்.