ஒரே குழாயில் ஊதிய பிள்ளைகள்

இப்போதெல்லாம் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு யார் வந்து எதைச் சொன்னாலும் ஜனங்கள் தலையை ஆட்டிவிடுகிறார்கள். மாத்திரை கொடுத்தால் முழுங்குகிறார்கள், ஊசி என்றால் கையை நீட்டுகிறார்கள். ஏன், எதுக்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. நான் கேட்பேன். கேட்டால் கிழவனுக்குக் கொழுப்பு என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

எண்பத்தேழில் சாலை மறியல் நடந்ததே, அந்தப் புரட்டாசியிலும் கேட்டேன். எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டைக்குப் பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட ஒரு நர்சம்மா வந்திருந்தார். அவர் திரும்பிப் போவதற்குள் எங்கள் ஆட்கள் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். என் மகன் தெய்வசிகாமணியும் கோடாலி எடுத்துக்கொண்டு போனவன்தான். படித்த பிள்ளைக்கு வேலை இல்லை என்றால் கேட்காமல் என்ன செய்வது? அது நியாயம். ஆனால் பஸ் இல்லை, கார் இல்லை. நர்சம்மா பள்ளிக்கூடத்திலேயே தங்கும்படி ஆகிவிட்டது.

சும்மா உட்காருகிற அம்மா இல்லை அது. அரங்கநாதன் வாத்தியாரிடம் கிழிந்த புட்பால் ஒன்றை வாங்கி, உள்ளே இருந்த ரப்பர் பையை உருவி, வைக்கோலோடு சேர்த்து சாக்கில் வைத்துத் தைத்து ஒரு பொம்மை செய்துவிட்டார். பையின் குழாய்தான் பொம்மைக்கு வாய். ஊதினால் நெஞ்சு எழும்பும். மூச்சு நின்ற ஆளுக்கு வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சைக் கையால் அமுக்க வேண்டும் என்று நண்டும் சிண்டுமான பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

நான் போய் நின்று பார்த்தேன்.

"ஏம்மா, ஊதுனா எழுந்துக்குவான்னா சுடுகாட்டுல போயி ஊத வேண்டியதுதான?"

"செத்தவங்களுக்கு இல்லீங்க பெரியவரே. மூச்சு நின்னவங்களுக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் இருக்குதுங்க. அதுக்குத்தான் இந்தப் பாடம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊர்ப் பெண்டுகளுக்கோ கவலை வேறு. குழாய் ஒன்று. ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் அதே குழாயில் வாய் வைத்தார்கள். நர்சம்மா ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். துடைத்தால் எச்சில் போகும், மற்றது போகுமா என்று பேச்சு கிளம்பியது. மறுநாள் ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட அந்தப் பாடத்துக்குப் போகவில்லை. அஞ்சாவது படிக்கிற என் பேரன் கலையரசனும் போகவில்லை, நான் நிறுத்திவிட்டேன். காலனிப் பிள்ளைகள் மட்டும் ஊதிக்கொண்டு கிடந்தார்கள். அப்புறம் நர்சம்மாவும் பொறுத்துப் பார்த்துவிட்டு உளுந்தூர்பேட்டைக்கு நடந்தே கிளம்பிவிட்டார்.

அவர் கிளம்பிப்போன அன்றைக்கு மத்தியானம் கலையரசனின் தம்பி இளவரசன், நாலு வயசு, எங்கள் கொல்லைக் கிணற்றில் விழுந்துவிட்டான்.

அவன் அம்மா, என் மருமகள் கொளஞ்சியம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கொல்லை மாயவன் ஓடிவந்து குதித்துப் பிள்ளையைத் தூக்கினான். உதடு நீலம் பாரித்துவிட்டது. மாயவன் இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகச் சுற்றினான். எங்கள் பக்கம் தண்ணீரில் விழுந்தவனுக்கு அதுதான் வைத்தியம். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. மூச்சு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடலாம் என்றால் ரோடு முழுக்க மரம்.

இருசம்மாள் எங்கள் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். காலனிக்காரி. அவளோடு வந்திருந்த மகள் செவ்வந்தி, கலையரசனோடு படிக்கிற பெண், முன்னால் வந்தாள்.

"சுத்தாதீங்க! கீழ படுக்க வைக்கணும். நர்சம்மா சொன்னாங்க."

இருசம்மாள் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "வாய மூடுடி பாவி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா நம்ம தலையிலதான் வுழும்."

நான் கலையரசனைப் பார்த்தேன். "உனக்குத் தெரியாதாடா?"

"நீதான அனுப்பல தாத்தா," என்று அழுதான்.

கொளஞ்சியம்மாள் மாயவன் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கித் தரையில் கிடத்தினாள். "வா கண்ணு. வந்து ஊது."

செவ்வந்தி நகரவில்லை. தாயும் மகளும் என்னைப் பார்த்தார்கள். மாயவன் சுற்றியதையும் நான் நம்பவில்லை, இவள் ஊதப்போவதையும் நம்பவில்லை. ஆனால் பிள்ளை அப்படியே கிடக்கிறான்.

"இருசம்மா, பொண்ண வுடு. இன்னா ஆனாலும் உங்க மேல ஒரு சொல்லு வராது. நான் இருக்கறேன்."

அந்தப் பெண் மண்டிபோட்டாள். பிள்ளையின் தலையை லேசாகப் பின்னால் சாய்த்தாள், மூக்கைப் பிடித்தாள், வாயில் வாய் வைத்து ஊதினாள். நெஞ்சை அமுக்கினாள். மறுபடி ஊதினாள். நிறுத்தவே இல்லை. திடீரென்று இளவரசன் இருமினான், குபுக்கென்று கக்கினான், ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதான். கொளஞ்சியம்மாள் பிள்ளையையும் அந்தப் பெண்ணையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் டீக்கடையில் ஒருத்தன் கேட்டான். "இன்னா பெரியவரே, காலனிப் பொண்ணு வாய் வச்சதுக்குப் புள்ளைக்குத் தீட்டு கழிச்சீங்களா?"

"நீ வேணா போயி அந்த மூச்சைத் திருப்பிக் குடுத்துட்டு வா," என்றேன். கிளாசை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

மாயவனுக்கு வேறு வருத்தம். "நான் சுத்தலன்னா தண்ணி வந்திருக்குமா? என் பேரை ஒருத்தனும் எடுக்கல பாரு." அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கிணற்றில் குதித்தவன் அவன்தானே.

மரங்களை அப்புறப்படுத்தி பஸ் ஓட ஆரம்பித்ததும் நர்சம்மா திரும்ப வந்தார். சேதி கேள்விப்பட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். இளவரசனின் முதுகில் காது வைத்துக் கேட்டார், கண் கலங்கினார். பிறகு என்னிடம், "பள்ளிக்கூடத்துல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா ஊர்ல புள்ளைங்கள அனுப்புவாங்க," என்றார்.

போனேன். செவ்வந்தி சாக்குப் பொம்மைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கலையரசன். என்னைக் கேட்காமல் கொளஞ்சியம்மாள் அனுப்பியிருக்கிறாள். வாசலில் இன்னும் சில ஊர்ப் பிள்ளைகள் நுழையலாமா வேண்டாமா என்று நின்றார்கள்.

"சொல்லுங்க பெரியவரே," என்றார் நர்சம்மா.

"புள்ள பொழச்சான். மாயவனும் சுத்துனான், இந்தப் பொண்ணும் ஊதுச்சி. எதுல பொழச்சான்னு எனக்குத் தெரியாது. ரெண்டையும் கத்துக்கங்க."

"ஐயையோ, சுத்தவே கூடாதுங்க!" நர்சம்மா பதறினார். "வயித்துத் தண்ணி மூச்சுல ஏறிக்கும். நேரமும் பூடும்."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"தண்ணி வந்ததை நான் கண்ணால பாத்தேம்மா. மூச்சு உள்ள போனதை யாரு பாத்தா?"

"நான் பாத்தேங்க ஐயா," என்றாள் செவ்வந்தி. "ஊத ஊத நெஞ்சு எழும்புச்சி."

சின்னப் பெண், அதுக்கு என்ன தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வாசலில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, "ஏன் வழிய அடச்சிக்கினு நிக்கிறீங்க? உள்ள போங்க," என்று ஒரு அதட்டு போட்டேன். அவர்கள் உள்ளே ஓடினார்கள்.

நெஞ்சு எழும்பியது வாஸ்தவம்தான், நானும் பக்கத்தில்தான் நின்றேன். அதுக்காக ஒரு ஆள் மூச்சு இன்னொரு ஆளுக்கு எப்படி ஆகும்? எனக்கு விளங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தேன்.