நாற்பத்தொன்றாம் சாறு

அவளை வீட்டில் எல்லோரும் சீசா என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணி வைத்த பெயர். "காலையில போனா சாயங்காலம் வரைக்கும் சீசா கழுவுறதுதானே உன் வேலை" என்று கல்யாணமாகி வந்த புதிதில் கேலி செய்தாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. உண்மையில் சீசா கழுவுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அவள் செய்துகொண்டிருந்தாள். செடிகளிலிருந்து மருந்து தேடும் ஆய்வகம் ஒன்றில் உதவியாளர். இலைகளையும் பட்டைகளையும் காயவைத்து, அரைத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடித்த சாற்றை நோய்ச் செல்கள் மேல் விட்டுப் பார்ப்பார்கள். சாறுகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். முதல் நாற்பதில் ஒன்றும் தேறவில்லை.

நாற்பத்தொன்று வேறு மாதிரி இருந்தது. சின்னச் சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, சாறு விட்ட மறுநாள் அதில் ஒரு மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிரோடு இருக்கும் செல்கள் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும். செத்த செல் எதையும் மாற்றாது. அன்று சீசா தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, நாற்பத்தொன்றின் வரிசை முழுவதும் மஞ்சள்.

"மேடம், ஒண்ணுகூட மிஞ்சல!" என்று கத்தியேவிட்டாள்.

ஆய்வகத்தின் தலைவி நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "தட்டுல சாகுறது பெரிய விஷயமில்லம்மா. வெந்நீர் ஊத்தினாலும்தான் சாகும். நல்ல செல்லை என்ன பண்ணுதுன்னு இன்னும் பார்க்கல. பொறு."

சீசாவால் பொறுக்க முடியவில்லை. அண்ணிக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறில் இரண்டு முடிந்திருந்தது. அண்ணி தையல் வேலை செய்பவள். முடி கொட்டியதும் வாடிக்கையாளர்களின் மிச்சத் துணியில் தனக்கு நான்கு தொப்பிகள் தைத்துக்கொண்டு, "ஊர்ல பாதிப் பேரு என் தலையில இருக்காங்க" என்று சிரித்தாள். அண்ணனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பேருந்து ஓட்டுகிற மனிதர். வண்டியில் சின்னச் சத்தம் கேட்டாலே எந்தப் பாகம் என்று சொல்லிவிடுவார். வீட்டில் இத்தனை பெரிய கோளாறு வந்தும் தன்னால் கை வைக்க முடியவில்லை என்பது அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை சாப்பிடும்போது சீசா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஒரே நாள் அண்ணா. ஒரே நாள்ல அத்தனையும் காலி. நான் இப்படிப் பார்த்ததே இல்ல."

"என்ன செடி?"

"பேரு தெரிஞ்சா என்ன பண்ணப்போற? எங்க பின்பக்கச் சுவர் ஓரமா வேலி மாதிரி வளர்ந்து கிடக்கே, மெழுகு பூசின மாதிரி இலை, அதுதான். இத்தனை நாள் அதுமேலதான் துடைப்பத்தைக் காயப்போட்டோம்."

அண்ணன் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி மட்டும், "முதல்ல சாப்பிடு, ஆறிப்போகுது" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, பணி முடிந்ததும் அண்ணன் தன் ஸ்கூட்டரில் அவளை அழைத்துப்போக வர ஆரம்பித்தார். "பஸ்ல எதுக்கு நசுங்கிட்டு வர்ற" என்றார். பகலெல்லாம் பஸ் ஓட்டுகிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று சீசாவுக்கு வேடிக்கையாக இருந்தது. அவர் எப்போதும் பின்பக்க வாசலில்தான் காத்திருப்பார். நிழல் இருக்கிறது என்பார்.

மூன்றாவது கீமோவுக்குப் போனபோது மருந்து ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தன. கீமோவால்கூட இப்படி ஆகலாம், ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்றார் மருத்துவர். அண்ணிக்கு வாய் கசந்தது. உடம்பெல்லாம் அரித்தது. தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். எல்லாம் கீமோ பண்ணுகிற வேலை என்றே வீட்டில் நினைத்தார்கள்.

அடுத்த புதன்கிழமை பதினோரு மணிக்கு, தலைவி இன்னொரு தட்டைக் கொண்டுவந்து சீசாவின் முன்னால் வைத்தார். நல்ல கல்லீரல் செல்கள் மேல் நாற்பத்தொன்றை விட்ட தட்டு. முழுக்க மஞ்சள்.

"பார்த்தியா? இதுக்கு நல்லது கெட்டதுன்னு ஒரு வித்தியாசமும் தெரியல. இருக்கிறதை எல்லாம் கொல்லுது. அதுலயும் கல்லீரல் செல்னா ரொம்பவே வேகம். உள்ளே பல பொருள் கலந்திருக்கு. எது நமக்கு வேணும், எது விஷம்னு பிரிச்சாத்தான் அடுத்த வேலை."

சீசாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அவ்வளவுதான். சோதனைக்குப் புது இலை வேண்டும் என்று கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். சுவர் ஓரம் பாதிச் செடிகள் மொட்டையாக நின்றன.

"யாருங்க இப்படிப் பறிச்சது?" என்று தோட்டக்காரரைக் கேட்டாள்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்க அண்ணன்தாம்மா. தினமும் ஒரு பை. நீங்க சொல்லித்தான் பறிக்கிறதா சொன்னாரு. உங்களுக்குத் தெரியாதா?"

கூடை எப்போது கீழே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. தொலைபேசியில் இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினாள். அண்ணி எடுக்கவில்லை. அண்ணன் வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார். ஆய்வக வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சாலைக்கு ஓடினாள். பேருந்தில் இருபது நிமிடம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் நிதானமாக இறங்கினார்கள். கல்லீரல் அளவுகள், அரிப்பு, கசப்பு, தூக்கம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பத்து நாளாகக் கண்முன்னால் நடந்ததை ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படிப் பார்க்காமல் விட்டோம்?

அண்ணி கதவைத் திறந்தாள். வாசல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை.

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற? கோட்டோட வேற வந்திருக்கே."

"அண்ணி, அண்ணன் ஏதாவது குடிக்கக் குடுக்கிறாரா?"

அண்ணி மேசைமேல் இருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள். சீசா அதைத் திறந்து முகர்ந்தாள். ஆய்வகத்தில் தினமும் கையில் ஒட்டிக்கொண்டு வரும் அதே பச்சை வாடை.

"எத்தனை நாளா?"

"இன்னையோட பதினெட்டு. காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். வாயில வைக்க முடியலடி. ஆனா உங்க அண்ணன் டம்ளரை நீட்டிக்கிட்டு நிக்கிறப்போ அந்த முகத்தைப் பார்த்தா வேண்டாம்னு சொல்ல மனசு வரல. உன்கிட்ட சொன்னா நீ மேடத்துக்குப் பயப்படுவேன்னுதான்..." அவள் நிறுத்தினாள். "ஏன், நல்லதில்லையா அது?"

சீசா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

மருத்துவமனையில் அன்றே உள்ளே சேர்த்தார்கள். அண்ணன் சீருடையோடு ஓடிவந்தார். மருத்துவர் மூன்று பேரையும் பார்த்து, "கீமோவை நிறுத்தியும் அளவு ஏறிக்கிட்டே போகுது. வெளி மருந்து, கஷாயம், ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"நானே சொல்றேன்" என்று வெளியில் சீசா விவரத்தைச் சொன்னபோது கூறியிருந்த அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீசாதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் மருத்துவர் திட்டவில்லை. பேனாவை எடுத்து வேகமாக எழுத ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

பிறகு ஆய்வகத்துக்குப் பேசினாள். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துத்தான் பேசினாள். ஒரு மணி நேரத்தில் தலைவி சோதனைக் குறிப்பேட்டோடு வந்து நின்றார். அண்ணனை உட்காரவைத்துக் கேட்டார். "தளிரா, முத்தின இலையா? எத்தனை இலை? எவ்வளவு தண்ணி? எவ்வளவு நேரம் கொதிக்கவெச்சீங்க?"

அண்ணன் ஒவ்வொன்றுக்கும் துல்லியமாகப் பதில் சொன்னார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒரு இலைகூட அவர் கூட்டிக் குறைக்கவில்லை. அவ்வளவு சிரத்தை. கேட்கக் கேட்க சீசாவுக்கு அழுகை முட்டியது.

"தண்ணியில அந்த விஷம் அவ்வளவா இறங்காது" என்றார் தலைவி. "எங்களை மாதிரி ஸ்பிரிட்ல ஊறப்போட்டிருந்தா..." குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரின் அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது சீசாவின் தோளைத் தொட்டு, "பொறுன்னு உன்கிட்ட சொன்னேன். ஏன் பொறுக்கணும்னு உட்காரவெச்சு சொல்லல. இதுல எனக்கும் பங்கு இருக்கு" என்றார்.

கல்லீரலைக் காக்கும் மருந்து ஒன்றைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மற்றபடி காத்திருக்க வேண்டியதுதான். கல்லீரல் கைவிட்டால் மூளை குழம்பும், அதை முதலில் காட்டிக்கொடுப்பது கையெழுத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் தினமும் காலையில் நர்ஸ் ஒரு தாளை நீட்டுவார். பெயரும் முகவரியும் எழுத வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்ல வேண்டும்.

"துணி அளவு கேளுங்க, டாண் டாண்னு சொல்றேன். இந்த ஏழாம் கணக்கு பள்ளிக்கூடத்துலயே எனக்கு வராது" என்று முதல் நாள் அண்ணி நர்ஸை வம்புக்கு இழுத்தாள். எழுத்து நேராக இருந்தது.

இரண்டாம் நாள் எழுத்து கொஞ்சம் சாய்ந்தது. படுத்துக்கொண்டு எழுதியதால் இருக்கும் என்றார் அண்ணன்.

மூன்றாம் நாள் முகவரியின் பாதியில் பேனா நின்றது. அண்ணி தாளையே பார்த்தாள். தெருப் பெயரின் முதல் எழுத்தை மூன்று முறை எழுதினாள், அதற்குமேல் போகவில்லை. பிறகு சீசாவை நிமிர்ந்து பார்த்து, "நீங்க எப்ப வந்தீங்க?" என்றாள்.

நீங்க. பன்னிரண்டு வருஷத்தில் அண்ணி அவளை ஒரு முறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

சீசா வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்தாள். அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார். தாளை அவரும் பார்த்திருந்தார். "நான்தான் கொன்னுட்டேன்" என்றார், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல. "நான் சொல்லித்தானே அண்ணா" என்றாள் அவள். அன்று முழுவதும் தள்ளுவண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

நான்காம் நாள் காலையில் நர்ஸ் வெளியே வந்து தாளை அண்ணன் கையில் கொடுத்தார். முகவரி இல்லை. அதற்குப் பதில், கோணலான எழுத்தில் ஒரே ஒரு சொல்: பசிக்குது.

அண்ணன் அதைப் படித்துவிட்டு வராந்தா என்றுகூடப் பார்க்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். உள்ளேயிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "சீசா, அந்த மனுஷன் ஏன் ஊரைக் கூட்டுறாரு? போய்ச் சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வரச் சொல்லு."

அண்ணியின் கண்ணில் மஞ்சள் இறங்க நான்கு வாரம் ஆனது. கீமோ ஐந்து வாரம் தள்ளிப்போனது. அந்த ஐந்து வாரத்தால் என்ன ஆகும் என்று சீசா கேட்டபோது, மருத்துவர் மழுப்பாமல் சொன்னார்: "ஒண்ணும் ஆகாமலும் போகலாம். இப்ப யாராலும் சொல்ல முடியாது. அடுத்த ஸ்கேன்ல பார்ப்போம்."

ஆய்வகத்தில் நாற்பத்தொன்றைத் தலைவி ஏழு பாகமாகப் பிரித்திருந்தார். ஒரு பாகம் நோய்ச் செல்களைக் கொன்று கல்லீரல் செல்களை விட்டுவைப்பதுபோலத் தெரிந்தது. சீசா அந்தத் தட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு வரிசை மஞ்சள், அடுத்த வரிசை ஊதா. நல்ல செய்திதான். இந்த முறை அவள் கத்தாமல் தட்டைக் கீழே வைத்தாள்.

மூன்றாவது கீமோ அன்று அண்ணி சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள். ஊசி ஏற்றியாயிற்று. அண்ணன் தண்ணீர் பாட்டிலைத் திறக்கும்முன் நர்ஸிடம், "இது குடுக்கலாமா?" என்று கேட்டார். வெறும் தண்ணீர்தான். இருந்தும் நர்ஸ் தலையாட்டும்வரை மூடியில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

"உங்க லேப் செடி என்னதான் ஆச்சு?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள். "உண்மையிலேயே உள்ளே ஏதாவது இருக்கா?"

"இருக்கலாம் அண்ணி. தெரிய இன்னும் பத்து வருஷம் ஆகும்."

"பத்து வருஷமா!" அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். "ஸ்கேன் என்னைக்குன்னு சொன்னாங்க?"

"வர்ற மாசம் ஒன்பதாம் தேதி."

அண்ணி தலையசைத்தாள். அவள் கை போர்வைக்கு வெளியே வந்து சீசாவின் கையைத் தேடிப் பிடித்தது. அது சில்லென்று இருந்தது.